கடைசி சீசனில் பந்து யார் கையில்?

பெங்களூர் அலசூர்ப் பக்கம், பெரும்பாலும் தமிழ்க் குடும்பத்துப் பையன்களைக் கொண்டு நடந்துவரும் எங்கள் கூடைப்பந்துக் குழுவின் மூத்த ஆட்டக்காரர், வரும் லீக் சீசனோடு ஆட்டத்தை நிறுத்திக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கு வயது 38. அணியில் மற்றவர்களில் பெரும்பாலோர் இன்னும் கல்லூரியைத் தாண்டாதவர்கள். அவர் முதன்முதலாக இந்தக் குழுவின் பனியனைப் போட்டபோது பிறந்தே இராதவர்களும் அவர்களில் உண்டு. இந்த ஒரு சீசனில் அவரை எப்படி ஆட வைப்பது என்பதைப் பயிற்சி தொடங்கும் முன் குழு முடிவு செய்தாக வேண்டும். பேச்சில் நான்கு வழிகள் அடிபடுகின்றன. இதுவரை போலவே அவரை மையமாக வைத்து ஆடுவது ஒன்று. பெஞ்சிலிருந்து இடையில் இறக்குவது இன்னொன்று. ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் அவரையே வைப்பது மூன்றாவது. தொடக்க ஐவரில் அவரை நிறுத்திவிட்டு, பந்தை மட்டும் இளையவர்களிடம் கொடுத்துவிடுவது நான்காவது.

எதை வைத்து இவற்றை எடை போடுவது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வெற்றி, பையன்களின் வளர்ச்சி, அவருடைய மரியாதையும் முழங்காலும் என மூன்றும் முக்கியம் என்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். மூன்றையும் சமமாகப் பார்ப்பதாகச் சொல்லிக்கொள்வது எளிது. நான் அப்படிப் பார்க்கவில்லை. இந்த சீசனில் ஓரிரு ஆட்டங்களைக் கூடுதலாக வெல்வதைவிட, அடுத்த சீசனில் அவர் இல்லாதபோது களத்தில் நிற்கும் ஐந்து பேரும் யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் திகைக்காமல் இருப்பதுதான் குழுவுக்குப் பெரிது என்பது என் எண்ணம். இந்த எண்ணத்தோடு உடன்படாதவர்களுக்குக் கீழே வரும் முடிவும் ஒத்துவராது.

எங்களைப் போன்ற ஒரு குழுவுக்கு அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவை அளவுகோலாக வைப்பது சற்று மிகைதான். இருந்தாலும், முதிர்ந்த நட்சத்திரம் ஒருவரின் கடைசி சீசன் அவருக்கும் அவரோடு ஆடிய இளையவர்களுக்கும் எப்படிப் போனது என்பதை ஆட்டம் ஆட்டமாகப் பதிவு செய்து வைத்திருப்பவர்கள் அவர்கள்தான் என்பதால், அங்கிருந்து தொடங்குவதே வசதி.

முதல் வழிக்குக் கோபி பிரையன்டின் 2015-16 சீசனைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது. லேக்கர்ஸ் அணியில் அது அவருக்கு 20ஆவது ஆண்டு, வயது 37. சீசன் தொடங்கி ஒரு மாதம் ஓடிமுடிந்த நிலையில், 2015 நவம்பர் 29 அன்று, இதுவே கடைசி என்று அறிவித்தார். அதன்பின் அந்த அணி போன ஊரெல்லாம் வழியனுப்பு விழாவாயிற்று. அதே அணியில், புதிய ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுப்பதில் அந்த ஆண்டின் இரண்டாவது தேர்வாக வந்த டி'ஆஞ்சலோ ரஸ்ஸல் இருந்தார்; ஜூலியஸ் ராண்டில், ஜோர்டன் கிளார்க்சன் இருந்தார்கள். டிசம்பரில் பயிற்சியாளர் பைரன் ஸ்காட், ரஸ்ஸலையும் ராண்டிலையும் பெஞ்சுக்கு அனுப்பினார். கோபியோ 100க்கு 36 ஷாட்கூட உள்ளே போகாத நிலையிலும் தொடர்ந்து எறிந்துகொண்டிருந்தார். அணி 17 ஆட்டங்களை வென்று 65ஐத் தோற்றது. லேக்கர்ஸின் வரலாற்றில் அதைவிட மோசமான சீசன் இல்லை.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, 2016 ஏப்ரல் 13 இரவைச் சொல்லாமல் விட்டால் அது நியாயமாகாது. யூட்டா ஜாஸுக்கு எதிரான தம் கடைசி ஆட்டத்தில் கோபி 50 முறை எறிந்து 22ஐப் போட்டு, 60 புள்ளிகள் எடுத்தார். கடைசிக் கால்பகுதியில் மட்டும் 23 புள்ளிகள். பின்தங்கியிருந்த லேக்கர்ஸ் 101-96 என்று வென்றது. எங்கள் குழுவில் முதல் வழியை ஆதரிப்பவர்கள் எல்லோருமே அந்த இரவைத்தான் மனத்தில் வைத்துப் பேசுகிறார்கள். அந்த ஓர் இரவுக்கு முன்னால் ஒரு சீசன் முழுவதும் நடந்தது அவர்களுக்கு நினைவில் இல்லை. ஓர் ஆட்டத்தில் ஒருவர் 50 ஷாட் எடுக்கிறார் என்றால் மற்ற நால்வரும் அந்த 50 முறையும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள் என்பதும் அதில் அடக்கம். அந்த இரவில் அதைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வராது; எங்கள் லீக்கின் மூன்றாவது ஆட்டத்தில் அப்படி நடந்தால் நானே சொல்வேன்.

மைக்கேல் ஜோர்டன் வாஷிங்டன் விசர்ட்ஸில் ஆடிய 2002-03 சீசன் இதைவிடக் கௌரவமானது. சீசன் நடுவில் 40 வயதைத் தொட்டவர், 82 ஆட்டங்களிலும் களமிறங்கி, சராசரியாக 20 புள்ளிகள் எடுத்தார். ஆனாலும் அணி 37 வெற்றி, 45 தோல்வி என்று முடித்து, கோப்பைக்கான பிளே ஆஃப் சுற்றுக்குப் போகவில்லை. பள்ளியிலிருந்து நேராக முதல் தேர்வாக வந்த குவாமி பிரவுன் அவரோடு ஆடி வளர்ந்தார் என்று யாரும் சொல்வதில்லை. ஆகவே மையத்தில் இருப்பவர் நன்றாக ஆடினாலும் சரி, மோசமாக ஆடினாலும் சரி, இளையவர்களுக்குக் கிடைப்பது ஏறத்தாழ ஒன்றுதான்.

எங்கள் நிலைமையும் இதிலிருந்து வெகுதூரத்தில் இல்லை. ஃப்ரீ த்ரோ கோட்டின் இடது முனையில் நின்று, தடுப்பவருக்கு முதுகைக் காட்டிப் பந்தை வாங்கி, வலது தோளை ஒருமுறை அசைத்துப் பொய் காட்டிவிட்டு, அடிக்கோட்டுப் பக்கம் திரும்பிப் பலகையில் பட்டு விழும்படி எறியும் அவருடைய ஷாட்டை எதிரணிகள் பல ஆண்டுகளாக அறிந்திருந்தும் தடுக்க முடிவதில்லை. சிக்கல் அந்த ஷாட்டில் இல்லை. ஆட்டம் இறுகும்போது, பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்தும் எங்கள் பாயிண்ட் கார்டின் கண் தானாகவே அந்த இடது முனைக்குப் போகிறது. 19 வயதுப் பையன்; வேகம் உண்டு, கை உண்டு. வலப்பக்கம் ஆளில்லாமல் நிற்பவனை விட்டுவிட்டு, இவர் தம் இடத்துக்கு வந்து சேரும்வரை பந்தைத் தட்டிக்கொண்டே நிற்கிறான். பந்தை எறிவதற்குத் தரப்படும் 24 விநாடிக் கடிகாரத்தில் பாதிக்கு மேல் அதிலேயே கரைகிறது. கேட்டால், "அண்ணன் இருக்கும்போது நான் எறிஞ்சு போகலைன்னா என்ன பேர் வரும்?" என்கிறான். மரியாதையால் வரும் இந்தத் தயக்கத்தைப் பயிற்சியில் கத்தித் திருத்த முடியாது. ஆட்டத்தின் அமைப்பை மாற்றினால்தான் மாறும்.

இரண்டாவது வழியே இன்று பலருக்கும் பிடித்தது. கேட்கும்போதே நியாயமாகப் படுகிறது. டுவைன் வேட் 2018-19இல் மயாமி ஹீட்டுக்காக 72 ஆட்டங்கள் ஆடினார். அவற்றில் 2இல் மட்டுமே தொடக்க ஐவரில் இருந்தார். பெஞ்சிலிருந்து வந்து, 26 நிமிடம் ஆடி, சராசரியாக 15 புள்ளிகள் எடுத்தார். ஒவ்வோர் ஆட்டத்தின் முடிவிலும் எதிரணியின் ஓர் ஆட்டக்காரரோடு பனியனை மாற்றிக்கொண்டார். அணி 39-43 என்று முடித்துப் பிளே ஆஃபைத் தவறவிட்டது. ஆனால் பாம் அடபாயோ போன்ற இளையவர்கள் அந்த சீசனில் மூச்சுவிட இடம் கிடைத்து வளர்ந்தார்கள். மறு ஆண்டே, ஜிம்மி பட்லரும் வந்து சேர, ஹீட் இறுதிச்சுற்று வரை போயிற்று.

அதே ஆண்டு டல்லஸ் மேவரிக்ஸில் டிர்க் நோவிட்ஸ்கி தம் 21ஆவது சீசனை ஆடினார். ஒரே அணியில் 21 சீசன் என்பது என்பிஏவில் அதுவரை யாரும் செய்யாதது. கணுக்கால் அறுவை சிகிச்சையால் டிசம்பர் நடுவில்தான் களத்துக்கு வந்தார். 40 வயதில், பெரும்பாலும் பெஞ்சிலிருந்து, ஆட்டத்துக்குச் சுமார் 16 நிமிடம், 7 புள்ளிக்குச் சற்றே மேல். அவர் உட்கார்ந்திருந்த நேரத்தில் களத்தில் இருந்தவர், அந்த ஆண்டின் சிறந்த புதுமுகமாகப் பின்னர் தேர்வான லூக்கா டான்சிச். நகரமே தன் பழைய நாயகனை வழியனுப்பிக்கொண்டே புதியவரை வரவேற்றது. டல்லஸில் ஆடிய கடைசி ஆட்டத்தில் நோவிட்ஸ்கி 30 புள்ளிகள் எடுத்தார் என்பது, பெஞ்சுக்குப் போனவருக்குக் கை மறந்துபோய்விடும் என்று அஞ்சுபவர்களுக்குப் பதில்.

இவ்வளவு இருந்தும் இந்த வழியை நான் முதலில் வைக்காததற்குக் காரணம் உண்டு. டல்லஸில் அது எடுபட்டது டான்சிச் இருந்ததால். மூத்தவர் விட்டுச்சென்ற இடத்தில், விசில் ஊதியதும் பந்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளும் ஒருவர் அங்கே தயாராக நின்றார். எங்களிடம் அப்படி ஒருவர் இல்லை. ஓரளவு நன்றாக ஆடும் மூன்று பையன்கள் இருக்கிறார்கள். மூவருக்கும் யாராவது பின்னால் நிற்க வேண்டும். அவர் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் முதல் கால்பகுதியில் நாங்கள் 12 புள்ளி பின்தங்கினால், அடுத்து அவர் உள்ளே வரும்போது மீட்பராகத்தான் வருவார். வந்ததும் பந்து மறுபடியும் அந்த இடது முனைக்கே போகும். அப்போது பெஞ்ச் என்பது பெயரளவில்தான், நடப்பது முதல் வழியே. இன்னொன்று, உடம்பு சம்பந்தப்பட்டது. 38 வயது முழங்கால் சூடேறக் கால்மணி நேரம் பிடிக்கிறது. திறந்தவெளி சிமென்ட் தரையில், மழைக்கால மாலைக் குளிரில், 10 நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுந்து ஓடச் சொல்வது அவருக்குச் சலுகை ஆகாது. கண்டீரவா உள்ளரங்கின் மரத்தரையில் இது வேறு கணக்கு. எங்கள் ஆட்டங்கள் எல்லாம் அங்கே நடப்பதில்லை.

வின்ஸ் கார்ட்டரையும் சிலர் சொல்கிறார்கள். 22 சீசன், நான்கு பத்தாண்டுகளைத் தொட்ட ஆட்டம், அட்லாண்டாவில் டிரே யங்குடன் கடைசி இரண்டு ஆண்டுகள். 2020 மார்ச் 11 அன்று கொரோனாவால் சீசன் நின்றபோது, அன்றிரவு ஆடியதே அவருடைய கடைசி ஆட்டமாயிற்று. அழகான வாழ்க்கை, ஆனால் எங்கள் கேள்விக்கு அதில் விடை இல்லை. பெஞ்ச் மூத்தவராகப் பல ஆண்டுகள் பழகியவர் அவர். எங்களவர் ஒருநாளும் அப்படி இருந்ததில்லை.

மூன்றாவது வழியான ஆட்டக்காரர்-பயிற்சியாளர் என்பதை நான் சுருக்கமாகவே பார்க்கப்போகிறேன், அது வரலாற்றில் எவ்வளவு மின்னினாலும். பாஸ்டன் செல்டிக்ஸின் பில் ரஸ்ஸல் 1966இல் அந்த இரட்டைப் பொறுப்பை ஏற்று, 1968, 1969 என இரண்டு கோப்பைகளை வென்றார். கடைசி சீசனில் 35 வயதில் சராசரியாக 19 ரீபவுண்டுக்கு மேல் எடுத்தார், அதாவது கூடையில் விழாமல் திரும்பும் பந்தை அத்தனை முறை பிடித்தார். கிழக்குப் பிரிவில் நான்காவதாக முடித்த அணியை, லேக்கர்ஸுக்கு எதிரான ஏழாவது இறுதி ஆட்டத்தில் 108-106 என்று வெல்ல வைத்துவிட்டு விலகினார். ஆனால் அவரைச் சுற்றி இருந்தவர்கள் ஜான் ஹாவ்லிசெக்கும் சாம் ஜோன்ஸும் போன்றவர்கள். அவர்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. சர்வதேச விதியும், பயிற்சியாளரோ துணைப் பயிற்சியாளரோ இல்லாத நிலையில் அணித்தலைவர் அந்தப் பொறுப்பை ஏற்பதற்கு இடம் தருகிறது, விதி தடையில்லை. தடை வேறு. முதல் பாதியில் 2, இரண்டாம் பாதியில் 3 என்று கிடைக்கும் டைம் அவுட்டை எப்போது கேட்பது, யாருக்கு நான்காவது ஃபவுல் விழுந்திருக்கிறது, எதிரணி ஆளுக்கு ஆள் என்றில்லாமல் இடத்தைக் காக்கும் மண்டலத் தடுப்புக்கு மாறிவிட்டதா என்றெல்லாம் மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருப்பவர் கணக்கு வைப்பது இந்த வயதில் கூடாத சுமை. மேலும், பாஸ் கொடுக்கத் தயங்கும் பையனுக்கு எதிரே நிற்பவர் அண்ணனாகவும் அணியில் இடம் தருபவராகவும் ஒரே சமயத்தில் இருந்தால், தயக்கம் இரட்டிப்பாகும். சீசன் முடிந்தபின் அவர் பயிற்சியாளராக வரட்டும் என்பவர்களோடு எனக்கு எந்த வேறுபாடும் இல்லை.

நான்காவது வழியை நம் பக்கத்தில் யாரும் அதிகம் பேசுவதில்லை. அதில் காட்சி குறைவு. கோபி 60 புள்ளி எடுத்து விடைபெற்ற அதே 2015-16 சீசன்தான் டிம் டங்கனுக்கும் கடைசி. சான் ஆன்டோனியோ ஸ்பர்ஸில் 19ஆவது ஆண்டு, ஏற்கெனவே 5 கோப்பைகள், சீசன் முடிவில் வயது 40. அவர் தொடக்க ஐவரில்தான் நின்றார். 61 ஆட்டங்கள், ஆட்டத்துக்கு 25 நிமிடம், சராசரி 8.6 புள்ளி. தம் வாழ்நாளில் அவர் அவ்வளவு குறைவாகப் புள்ளி எடுத்ததில்லை. புள்ளிகளை 24 வயதான கவாய் லெனார்டும் புதிதாக வந்த லமார்கஸ் ஆல்ட்ரிட்ஜும் எடுத்துக்கொண்டார்கள். டங்கன் 7 ரீபவுண்டுக்கு மேல் எடுத்தார், தடுப்பவரின் வழியை மறித்து நின்று ஸ்க்ரீன் போட்டார், கூடைக்கு அடியில் கையை உயர்த்தி நின்றார், தடுப்பில் யார் எங்கே நகர வேண்டும் என்று பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார். ஸ்பர்ஸ் 67-15 என்று முடித்தது, அந்த அணியின் வரலாற்றிலேயே சிறந்த எண்ணிக்கை. இரண்டாவது சுற்றில் ஓக்லஹோமா சிட்டியிடம் தோற்றபின், ஜூலை 11 அன்று அணி நிர்வாகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. அதோடு சரி, விழாவும் இல்லை, ஊர் ஊராக வழியனுப்புதலும் இல்லை.

ஸ்பர்ஸ் வலுவான அணி என்பதால்தான் டங்கனால் அப்படி ஒதுங்க முடிந்தது என்று ஒருவர் மறுக்கலாம். பாதி உண்மை. லெனார்ட் போன்ற ஒருவர் எங்களிடம் இல்லை என்பதை மேலேயே ஒப்புக்கொண்டிருக்கிறேன். ஆனால் நோவிட்ஸ்கியின் வழிக்கும் டங்கனின் வழிக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் எங்களுக்கு உதவுகிறது. நோவிட்ஸ்கி வெளியே உட்கார்ந்ததால் டான்சிச் தனியாக ஆட வேண்டியிருந்தது, அவரால் முடிந்தது. டங்கன் உள்ளே நின்றதால், இளையவர்கள் தவறினாலும் அந்தத் தவறுக்குப் பின்னால் ஒரு ரீபவுண்ட் இருந்தது. எறிந்த ஷாட் போகாவிட்டால் அண்ணன் எடுத்துக்கொள்வார் என்று தெரிந்த பையன் எறிவான். அண்ணன் எறிவதற்காகக் காத்திருக்கும் பையன் எறியமாட்டான். குறைக்க வேண்டியது அவருடைய நிமிடங்களை அல்ல, அவருடைய ஷாட்களை. இவ்வளவு நாள் நாங்கள் தொடக்க ஐவரா, பெஞ்சா என்று பேசிக்கொண்டிருந்தது அவ்வளவாகப் பொருட்டில்லாத பாதியைப் பற்றி.

இதற்கு அமெரிக்கா வரை போகத் தேவையில்லை என்றும் ஒருவர் சொல்லலாம். 2017 ஜூலையில் இதே பெங்களூரில், கண்டீரவா உள்ளரங்கில், மகளிர் ஆசியக் கோப்பையின் பி பிரிவு இறுதி ஆட்டத்தில் இந்தியா கஜகஸ்தானை 75-73 என்று வென்று ஏ பிரிவுக்கு உயர்ந்தது. 19 வயதிலேயே இந்திய அணிக்குத் தலைமை ஏற்ற சென்னை அனிதா பால்துரை, மகப்பேறுக்குப் பின் திரும்பி வந்து, 32 வயதில் அந்த அணியில் ஆடினார். சுற்றிலும் தம்மைவிடப் பல வயது இளையவர்கள். இரண்டே புள்ளி வித்தியாசத்தில் முடிந்த அந்த இறுதியை ஒருவர் மட்டும் தூக்கி நிறுத்தவில்லை. இளையவர்கள் ஆடினார்கள், மூத்தவர் களத்தில் இருந்தார். 2021இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தபோது எங்கள் பையன்களில் பலர் அந்தப் பெயரையே முதன்முதலாகக் கேட்டார்கள் என்பது வேறு வருத்தம்.

ஆகவே என் பரிந்துரை இது. அவர் தொடக்க ஐவரில் இருக்கட்டும். சர்வதேச விதிப்படி நடக்கும் 40 நிமிட ஆட்டத்தில் அவருக்கு 20 முதல் 22 நிமிடம் போதும். மாற்று ஆட்டக்காரர்களை எத்தனை முறை வேண்டுமானாலும் இறக்கலாம் என்பதால் அதை நான்கு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கால்பகுதியின் முதல் 5 நிமிடத்தில் கொடுத்துவிடலாம். முழங்கால் ஆறிப்போகாமல் இருக்கவும் அது உதவும். அவருடைய இடம் இடது முனையிலிருந்து கோர்ட்டின் நடுமேற்பகுதிக்கு மாறட்டும். அங்கே அவர் போடும் ஸ்க்ரீனைச் சுற்றிப் பாயிண்ட் கார்டு கூடைக்குப் போவான், அல்லது மூலையில் நிற்பவனுக்குக் கொடுப்பான். அவருக்கே திருப்பித் தருவது மூன்றாவது தேர்வு மட்டுமே. பயிற்சியில் ஒரு விதியும் வேண்டும். பையன்களில் இருவர் பந்தைத் தொட்ட பிறகுதான் அவருக்கு அது போகலாம். கடைசி 5 நிமிடத்தில் அவர் களத்தில் இருப்பாரா என்பதை ஆட்டத்துக்கு ஆட்டம் பயிற்சியாளர் முடிவு செய்யட்டும். இருந்தாலும் கடைசி ஷாட் வேறு ஒருவருடையது என்பது சீசனின் முதல் நாளே எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இதனால் சில ஆட்டங்களைத் தோற்போம். சீசனின் முதல் பாதியில் அது அதிகமாகவே இருக்கும். அவருடைய ஆட்டத்தைப் பார்ப்பதற்கென்றே மாலை நெரிசலில் வண்டி ஓட்டிக்கொண்டு வருகிறவர்களுக்கு 8 புள்ளி எடுக்கும் அவரைப் பார்ப்பது ஏமாற்றமாக இருக்கும். அவர்களுடைய வருத்தத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர்களுக்காக ஒரு விட்டுக்கொடுத்தல் செய்யலாம். எங்கள் கோர்ட்டில் நடக்கும் கடைசி லீக் ஆட்டத்தில், புள்ளிப்பட்டியலில் அதனால் எதுவும் மாறாது என்ற நிலை இருந்தால், மேலே சொன்ன விதிகளை ஓரமாக வைத்துவிட்டு, அவர் விரும்பியபடி எறியட்டும். அதற்கு முன் ஒருநாளும் வேண்டாம்.

எஞ்சியிருப்பது இதை அவரிடம் யார் சொல்வது என்பது. குழுக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் சொல்வது சரியாகாது. பயிற்சியாளர் தனியாக உட்கார்ந்து பேச வேண்டும். நிமிடங்களையும் இடமாற்றத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர் வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்டு, அடுத்த கூட்டத்துக்கு அந்தப் பதிலைக் கொண்டுவர வேண்டும். அவர் ஒப்புக்கொள்ளாத எந்த வழியும் பயிற்சியின் இரண்டாவது வாரத்தைத் தாண்டாது. பனியன் எண்ணை யாருக்கும் கொடுக்காமல் வைப்பதா என்ற பேச்சு இப்போது வேண்டியதில்லை.